நோன்பு மாதத்து டீ

போலீஸைக் கோர்ட்டு திருத்திவிடும் என்று யாராவது என் முன்னால் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது டீதான். பேசுகிறவர்கள் எல்லாரும் படித்தவர்கள். தீர்ப்பு என்பார்கள், கண்டனம் என்பார்கள், இனிமேல் எல்லாம் மாறிவிடும் என்பார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளுக்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். சிரித்தால் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள் என்று அடக்கிக்கொள்வேன்.

எங்கள் கரைக்கு உரிய போலீஸ் ஸ்டேஷன், ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற ரோட்டோரத்தில் இருந்தது. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் ஏட்டுடைய பேரன் எவனாவது கிளம்பி வருவான். ஸ்டேஷனுக்கு நேர் எதிரே, பஸ் நிற்கிற இடத்தில், ஒரு டீக்கடை. அந்த ஸ்டேஷனில் அப்போது எழுதின கேஸ்களைப் படித்தால், எங்கள் வட்டாரத்துத் திருடனுக்கெல்லாம் டீப் பைத்தியம் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆடு திருடினவன், தேங்காய் பறித்தவன், சிலோன் சோப்பு கொண்டுவந்தவன், பங்காளி மண்டையை உடைத்தவன், எல்லாருமே அந்தக் கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். போலீஸைக் கண்டதும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடப் பார்ப்பார்கள். துரத்திப் பிடிப்பார்கள். ஒருத்தனாவது குடித்து முடித்தானா என்றால் இல்லை, பாவம்.

எழுதுகிறவர் ஏட்டு. சப்-இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடுவதோடு சரி. எங்கே பிடித்தோம், எப்போது பிடித்தோம் என்று கேஸுக்குக் கேஸ் யோசிக்க ஏட்டுக்குச் சோம்பல். தலையைத் தூக்கினால் ஜன்னல் வழியாக டீக்கடை தெரியும், அதையே எழுதிவிடுவார். ஆளை உண்மையில் பல நாள் முன்னாலேயே வீட்டிலிருந்து இழுத்து வந்திருப்பார்கள். பிடித்த ஒரு நாளைக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறதாம். சொல்லட்டுமே! அடித்து முடித்த பிறகு பிடித்ததாக எழுதினால் சட்டத்துக்கும் மரியாதை, கைக்கும் வேலை. இதைக் கண்டுபிடிக்க ஏட்டுக்குப் பெரிய படிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

என் தம்பி சங்கு முக்குகிறவன். முக்குவது என்றால் எங்கள் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலடிக்குப் போவது. வாப்பா மவுத்தான பிறகு வீட்டில் சம்பாதிக்கிற ஆம்பளை அவன் ஒருத்தன்தான். என் வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் நின்றார். வருவார், போவார், அவ்வளவுதான். உம்மாவும் நானும் என் கைக்குழந்தையும் தம்பி மூச்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். முக்குகிறவனுக்கு நெஞ்சு முக்கியம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். காதுதான் முக்கியம். காதுச் சவ்வு கிழிந்தவன் தண்ணீருக்குள் இறங்கினால் தலை சுற்றி, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் அங்கேயே கிடப்பான். அதனால் எங்கள் கரையில் சண்டை வந்தால்கூட முக்குகிறவனை யாரும் கன்னத்தில் அறைய மாட்டார்கள். முதுகில் எவ்வளவு வேண்டுமானாலும் போடுவார்கள். முரட்டுப் பயல்களுக்கே தெரிந்த மரியாதை அது.

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து, ஒரு கோடைக்கால நோன்பு மாதத்தில், ஒரு முதலாளியின் குடோனில் சங்கு மூட்டைகள் காணாமல் போயின. நோன்பில் எங்கள் ஆட்கள் முக்கப் போக மாட்டார்கள். கடல் தண்ணீர் தொண்டைக்குள் போனால் நோன்பு முறிந்துவிடும். ஆகவே எல்லாரும் கரையில் இருந்தார்கள். கரையில் இருக்கிறவனைப் பிடிப்பது சுலபம். காலையில் ஏட்டும் இரண்டு போலீஸும் சிவப்புத் தொப்பியும் அரை டிராயருமாக வந்து நின்றார்கள்.

"ஏலே, ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போ. ரெண்டு கேள்வி கேட்டுட்டு விட்டுருவோம்" என்றார் ஏட்டு.

போகிற போக்கில் வீட்டையும் சோதனை போட்டார்கள். சோதனையில் அகப்பட்ட திருட்டுச் சொத்து என்ன தெரியுமா? என் பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கு. முனையை அறுத்துத் தேய்த்து வழவழவென்று வைத்திருந்தது, உள்ளே பால் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளை அழுதான். "அட நாசமாப் போறவனுகளா, அது பால் சங்குய்யா!" என்று கத்தினேன். ஏட்டு திரும்பிப் பார்க்கவில்லை. காது நன்றாகக் கேட்கிறவர்தான் அவர்.

இரண்டு கேள்வி அன்றோடு முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. கணக்கில் வராத ஆளுக்கு ஸ்டேஷனில் சோறு கிடையாது. வீட்டிலிருந்து யாராவது கொண்டுபோக வேண்டும். தம்பி உள்ளேயும் நோன்பு பிடித்தான். ஆகவே சூரியன் மறைகிற மக்ரிபு பாங்குக்கு முன்னால் நோன்புக் கஞ்சியைத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு நான் போவேன். மூடியைத் திறந்து முதல் ஆளாக ருசி பார்ப்பவர் ஏட்டு. எதிரே டீக்கடைக்காரர் எங்கள் ஆள் என்பதால் நோன்பு மாதம் முழுக்கப் பகலில் கடையைத் திறப்பதில்லை. முகப்பில் கோணிப் படுதா தொங்கும், அடுப்பு பற்றாது. ஏட்டுக்கு அதில் பெரிய வருத்தம்.

"ஒங்க நோன்பால எங்களுக்கு ஒரு வா டீக்கு வழியில்ல. இந்தக் கஞ்சியாவது கெடச்சிச்சே" என்று சொல்லிக்கொண்டே குடிப்பார். மிச்சம்தான் தம்பிக்குப் போகும்.

ஒரு சாயங்காலம் நான் கம்பிக்கு வெளியே நின்று தம்பியைக் கூப்பிட்டேன். அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். மறுபடி கூப்பிட்டேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள், அதற்கும் அவன் அசையவில்லை. நோன்பு பிடித்தவன் பாங்கு கேட்டு அசையாமல் இருப்பானா? ஏட்டு போய்த் தோளில் தட்டினதும் திடுக்கிட்டுத் திரும்பினான். கழுத்தில் ரத்தம் காய்ந்து கிடந்தது. இரண்டு உள்ளங்கையாலும் இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் அறைந்திருக்கிறார்கள். யா அல்லா, இவர்கள் கை விளங்காமல் போகட்டும் என்று அங்கேயே வாய்விட்டுச் சபித்தேன். ஏட்டு கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

ஜமாஅத்தில் ஒரு பெரிய மனுஷர் இருந்தார். தூரத்து முறையில் எனக்குச் சாச்சா, அதாவது சித்தப்பா. அவரிடம் போய் அழுதேன். அத்தர் பூசிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். அவருக்கு நாற்காலி போட்டார்களாம். திரும்பி வரும்போதே அவர் முகம் நாற்காலியில் உட்கார்ந்த முகமாக இருந்தது.

"ஏட்டு தங்கமான மனுசன். தம்பிய ஒத்துக்கிடச் சொல்லு. லேசா எழுதி விட்டுருவாராம்" என்றார்.

"எடுக்காதத எடுத்தேன்னு சொல்லணுமா சாச்சா?"

"நீ பொம்பளை. ஒனக்கு இதெல்லாம் புரியாது. பொறுமையா இரு."

"காது போச்சு சாச்சா. அவன் எப்படி முக்குவான்?"

"அல்லா பாத்துக்கிடுவான்" என்று சொல்லிவிட்டுத் தராவீஹ் தொழுகைக்குக் கிளம்பிவிட்டார். அல்லாவின் தலையில் வேலையைக் கட்டிவிட்டுக் கைகழுவுவதில் எங்கள் பெரிய மனுஷர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மறுநாள் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினேன். பொம்பளை கோர்ட்டுக் கச்சேரி வாசலை மிதிக்கிறாள் என்று கரை முழுக்கப் பேச்சு. தம்பியை அடித்தபோது திறக்காத வாயெல்லாம் அன்றைக்குத் திறந்துகொண்டது. வக்கீல் உள்நாட்டு நிலச்சுவான்தார் வீட்டுப் பிள்ளை. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பாதிக் கண்ணை மூடியபடி கேட்டார். ரத்தம், காது, பால் சங்கு எதற்கும் அவர் கண் திறக்கவில்லை. ஸ்டேஷனில் ஆள் இருக்கிறான், ஆனால் கணக்கில் இல்லை என்றதும் திறந்தது.

"நீங்க முந்தியே வரக் கூடாதா அம்மா? இப்ப ஒரு புது மாஜிஸ்ட்ரேட் வந்திருக்கார். ஒரு மாதிரியான ஆளு" என்றார்.

அதற்கு முன்னால் மாஜிஸ்ட்ரேட் என்றால் தாலுகா ஆபீஸ் அதிகாரிதான். வரி வசூலிப்பதும் அவரே, ஜெயிலுக்கு அனுப்புவதும் அவரே. போலீஸும் அவரும் ஒரே ஜீப்பில் போய் ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். அந்த வேலையைப் பிரித்து, சட்டம் படித்தவரைத் தனியாகப் போட்டதில் வந்தவர் இவர். ஒரு மாதிரியான ஆள் என்றால் என்ன என்று விசாரித்தேன். போலீஸ் கொண்டுவந்து கொடுத்த மீனை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டாராம். நியாயமாக நடக்கிறவனுக்கு எங்கள் ஜில்லாவில் அப்போது இருந்த பேர் அது.

ஆளைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி வக்கீல் மனுப் போட்டார். உடனே ஸ்டேஷனில் அவசரம் பிறந்தது. கோர்ட்டு கேட்பதற்கு முன்னால் ஆளைப் பிடித்ததாகக் காட்ட வேண்டும். ஏட்டு பேனாவை எடுத்தார். கை பழகின கை அல்லவா, அது பாட்டுக்கு எழுதியது. அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு பஸ் நிறுத்தத்து டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த எதிரி, போலீஸாரைக் கண்டதும் கிளாஸை வைத்துவிட்டு ஓட முயன்றார். கோர்ட்டு பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவனை எதிரி என்றுதான் எழுதுவார்கள். சாயங்காலம் என் நோன்புக் கஞ்சியைக் குடித்த மனுஷன், நோன்பாளியைப் பகலில் டீ குடிக்க வைத்தார். அதுவும் எதிரே படுதா தொங்குகிற கடையில். ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதும். அதற்கும் சோம்பல்.

கோர்ட்டில் தம்பியை நிறுத்தினார்கள். அங்கே ஒரு சம்பிரதாயக் கேள்வி உண்டு. போலீஸ் உன்னை அடித்ததா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்பார். பின்னால் அடித்த போலீஸே நின்றுகொண்டிருக்கும். இல்லை என்று இவன் சொல்வான். பழைய மாஜிஸ்ட்ரேட் காலத்தில் குமாஸ்தா பதிலை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார் என்று வக்கீல் சொன்னார். இவர் போலீஸை வராந்தாவுக்குப் போகச் சொன்னார். ஏட்டு முகம் செத்துவிட்டது. அதைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"பயப்படாமல் சொல். உன்னை அடித்தார்களா?" என்று கேட்டார் மாஜிஸ்ட்ரேட்.

தம்பி ஜன்னலுக்கு வெளியே புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுபடி கேட்டார். பதில் இல்லை. "எதிரிக்குப் புகார் ஒன்றும் இல்லை" என்று குமாஸ்தா முணுமுணுத்துக்கொண்டே பேனாவை முக்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. வாசல்படியில் நின்றபடியே கத்திவிட்டேன்.

"அவனுக்குக் காது கேக்காதுங்கய்யா! நீங்க கேக்கிறதே அவனுக்குத் தெரியாது! அந்தக் காதத்தான் ஒடச்சிருக்கானுக!"

டவாலிச் சேவகன் என்னைப் பிடித்து வெளியே தள்ள வந்தான். மாஜிஸ்ட்ரேட் கையைக் காட்டி நிறுத்தினார். முதலில் என்னைத் திட்டினார். கோர்ட்டில் இப்படிக் கத்தக் கூடாது, தெரியாதா என்றார். பிறகு சேவகனைக் கூப்பிட்டுக் காதில் என்னவோ சொன்னார். அவன் அலமாரியிலிருந்து ஒரு தடித்த சட்டப் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு தம்பிக்குப் பின்னால் போய், தரையில் ஓங்கிப் போட்டான். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தூக்கிவாரிப் போட்டு எழுந்துவிட்டார்கள். வக்கீல் வெற்றிலையை விழுங்கிவிட்டார். தம்பி மட்டும் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாஜிஸ்ட்ரேட் வெகு நேரம் எழுதினார். தம்பியை ஜாமீனில் விட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இடது காது முழுக்கப் போய்விட்டது, வலது காதில் பக்கத்தில் நின்று கத்தினால் கொஞ்சம் கேட்கும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் கோர்ட்டைத் தெரியாதவர்கள். வாய்தா, வாய்தா, வாய்தா. அடுத்த நோன்பும் வந்து போனது. அடிப்பதற்கு ஒரு நிமிஷம், அடித்தது தப்பு என்று சொல்ல ஒரு வருஷத்துக்கு மேல். மாஜிஸ்ட்ரேட் நல்லவர்தான், நன்றி கெட்டவள் இல்லை நான். ஆனால் அந்த நல்லவரும் கோடைக்கு ஒரு மாதம் லீவில் போனார். தம்பி லீவில் எங்கே போவான்? வலையில் பாசி பொறுக்கிக்கொண்டு கரையில் கிடந்தான்.

கடைசியில் ஏட்டு கூண்டில் ஏறினார். டீக் கதையை ஒப்பித்தார். வக்கீல் எழுந்து, எதிரி என்ன மதத்தவர் என்று கேட்டார். ஏட்டு சொன்னார். அவரைப் பிடித்தது அவர்களுக்கு என்ன மாதம் என்று கேட்டார். ஏட்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். அடுத்து டீக்கடைக்காரர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், சாட்சிக்கு வந்தார். எதிரே ஸ்டேஷனை வைத்துக்கொண்டு பிழைக்கிற மனுஷன். இருந்தும் நடந்ததை அப்படியே சொன்னார்.

"நோன்பு மாசம் பூரா பகல்ல நான் அடுப்பே பத்த வைக்கலங்க. கடைக்குப் படுதா போட்டிருந்துச்சு. ஏட்டையாவே டீ இல்லன்னு எங்கிட்ட சடச்சிக்கிட்டாரு."

மாஜிஸ்ட்ரேட் ஏட்டைப் பார்த்து, "அப்படியானால் அந்த டீயைப் போட்டது யார்?" என்றார். கூடமே சிரித்தது. ஏட்டு தொப்பியைத் தேடித் தலையைத் தடவினார். தொப்பி கக்கத்தில் இருந்தது. பிறகு பால் சங்கை எடுத்து மாஜிஸ்ட்ரேட் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் அரக்கு முத்திரை வைத்து நூல் கட்டியிருந்தார்கள். உள்ளே ஒட்டின பாலைச் சுரண்டக்கூட ஏட்டுக்குத் தோன்றவில்லை.

தீர்ப்பில் எதிரி விடுதலை. கைது செய்ததாகச் சொன்ன கதை முழுப் பொய், எதிரியின் காது ஸ்டேஷனில்தான் உடைக்கப்பட்டது, ஏட்டு பேரில் மேலதிகாரிகள் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். வக்கீல் எனக்கு ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். என் பிள்ளையின் சங்கும் திரும்பி வந்தது. அவன் அதற்குள் சோறு தின்ன ஆரம்பித்துவிட்டான்.

மேலதிகாரிகள் எடுத்த நடவடிக்கையை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் எரிச்சல்தான் வரும். விசாரணை வைத்தார்கள். ஏட்டை ராமேஸ்வரத்துக்கு மாற்றினார்கள். தண்டனையாம்! தினம் கோயில் தரிசனம், கடல் காற்று, புண்ணியத்துக்குப் புண்ணியம். காது போனவன் கரையில் பாசி பொறுக்குகிறான், காதை உடைத்தவன் தீர்த்தமாடுகிறான். ஸ்டேஷனும் திருந்தியது. அதற்குப் பிறகு அங்கே எழுதின கேஸ் எதிலும் டீ கிடையாது. "பஸ் நிறுத்தத்தில் சந்தேகப்படும்படி நின்றிருந்தார்" என்று எழுத ஆரம்பித்தார்கள். நிற்பதற்கு நோன்பு தடையில்லை பாருங்கள். கோர்ட்டு சொன்னதில் அவர்கள் கற்றுக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

தீர்ப்பு வந்த அன்றைக்கு ஏட்டு இன்னும் எங்கள் ஸ்டேஷனில்தான் இருந்தார். தம்பியும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். விட்டுவிட்டார்கள் என்று கையசைத்துக் காட்டியதில் அவனுக்குப் புரிந்திருந்தது. மாஜிஸ்ட்ரேட் என்னென்ன சொன்னார் என்று தெரியாது. வழியெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். டீக்கடை வாசலில் இறங்கினோம்.

"என்ன லாத்தா சொன்னாரு?" என்றான்.

வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்று கை காட்டப் போனேன். எதிரே ஜன்னலில் ஏட்டு தலை தெரிந்தது. எனக்கு வெறி வந்துவிட்டது. துப்பட்டியைத் தலையில் இறுக்கிக்கொண்டு, தம்பியின் வலது காதைப் பிடித்து இழுத்து, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"நீ திருடலையாம்!"

பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏட்டு எழுதினது பூராப் பொய்யாம்! நோன்புல டீ குடிச்சேன்னு எழுதினான் பாரு, அந்த டீயப் போட்டது யாருன்னு கேட்டாரு! அவனுக்குச் சொல்ல வாயில்ல!"

போலீஸ்காரர்கள் வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். காக்கா கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"ஒங் காத ஒடச்சது இந்த ஸ்டேஷன்லதானாம்! கோர்ட்டே எழுதியிருக்கு!"

"கேக்கல லாத்தா. இன்னொருக்காச் சொல்லு" என்றான் தம்பி. அவன் உதட்டோரத்தில் சிரிப்பு. கேட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இருந்தாலும் முதலிலிருந்து இன்னொரு தடவை கத்தினேன். கண்டக்டர் பஸ்ஸை எடுக்க விசில் கொடுக்கவில்லை. ஜன்னலில் ஏட்டு குனிந்து எதையோ எழுதுகிற மாதிரி பாவனை செய்தார். அந்தக் கேஸில் அவருக்குக் கிடைத்த தண்டனை அதுதான், அதையும் நான்தான் கொடுத்தேன்.

காக்கா கேட்காமலே இரண்டு கிளாஸ் டீ கொண்டுவந்து வைத்தார். தம்பி ஸ்டேஷனைப் பார்த்தபடி உட்கார்ந்து, அவசரப்படாமல், ஊதி ஊதி அடிவரை குடித்தான். அந்தக் கடையில் டீயை முழுசாகக் குடித்து முடித்த முதல் எதிரி அவன்தான். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவன் என் பக்கம் திரும்பினான். காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி, தெருவுக்கே கேட்கும்படி உரக்கக் கேட்டான்.

"அப்ப நான் இனி முக்கப் போகலாமா லாத்தா?"

காக்கா வேறு பக்கம் பார்த்தார். பஸ் கிளம்பிப் போயிற்று. தம்பி வலது காதை என் வாய்ப் பக்கம் சாய்த்துக்கொண்டு காத்திருந்தான்.